ஓரத்துப் பயிரை எடை போட மாட்டாங்க

புது நெல் ரகம்னு பேப்பர்ல வந்தா, ஏதோ கண்ணாடி அறைக்குள்ளயே முழுசா உருவானதுன்னு டவுன்ல இருக்கிறவங்க நினைக்கிறாங்க. ஒட்டு சேர்க்கிறது ஆராய்ச்சி நிலையத்துலதான். அங்க தேறினது பல ஊர்ச் சோதனைக்குப் போகும். அதுலயும் தேறினா எங்களை மாதிரி விவசாயி வயலுக்கு வரும். அதுக்கு அனுசரணை ஆராய்ச்சித் திடல்னு பேரு.

எங்க டெல்டாவுல சம்பாவுக்கு சி.ஆர்.1009 ரொம்ப காலமா இருக்கு. 155, 160 நாள் பயிர். இட்லிக்கு நல்ல அரிசி. ஆனா கார்த்திகை மழையில முழுகினா தாங்காது. அதுலயே 'சப்-1' மரபணு சேர்த்த ரகத்தையும் பழையதையும் என் வயல்ல பக்கத்துப் பக்கத்துல நட்டுப் பார்த்தாங்க. ஒரே நாள் நடவு, ஒரே உரம்.

அந்த வருஷம் ஒன்பது நாள் தண்ணி தலைக்கு மேல நின்னுச்சு. சாதாரண நெல்லு முழுகினா, தண்ணிக்கு மேல வரணும்னு விறுவிறுன்னு நீளும். இருக்கிற சத்து அதுலயே தீர்ந்து, தண்ணி வடிஞ்சதும் சாய்ஞ்சு அழுகிடும். சப்-1 பயிர் வளர்ச்சியை நிறுத்தி, சத்தை மிச்சம் பிடிச்சுக் காத்திருக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும்.

வடிஞ்சப்ப ரெண்டு திடலும் ஒரே மாதிரி சேறு பூசிக் கிடந்துச்சு. "உழுதுட்டு குறுகிய கால ரகம் போட்டுடலாம்"னு வீட்டுல சொன்னாங்க. ஆராய்ச்சிக்கு வந்த தம்பி, "ஒரு பத்து நாள் பொறுங்கய்யா"ன்னார். பொறுத்தா மறுநடவுக்கு நாள் தப்பிடும். இருந்தும் பொறுத்தோம். சப்-1 திடல்ல குருத்து விட்டுச்சு. பழையதுல பாதிக்கு மேல காலி. அந்தத் தம்பி முழங்கால் சேத்துல நின்னு குத்து குத்தா எண்ணி எழுதிக்கிட்டார்.

அறுப்பு அன்னிக்கு வரப்போரத்துப் பயிரை ஒதுக்கிட்டு நடுவுல இருந்ததை மட்டும் எடை போட்டாங்க. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காத்தும் கூடுதல், சேர்த்தா விளைச்சல் பொய்யா ஏறிக் காட்டுமாம். எங்களுக்கு விதை விக்கிறவங்க எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்தா தேவலை.

சப்-1 வந்த வழியும் ஒரு வயல்தான். ஒடிசாவோட தால்புட்டியா நாட்டு ரகத்துல இருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ நெல்லுல இருந்து எடுத்தது. அந்த நெல்லுக்கு விளைச்சல் கம்மி. ஆனாலும் யாரோ விவசாயிங்க அதை விதைநெல்லா எடுத்து வச்சாங்க. மரபணு எதுன்னு அடையாளம் கண்டு உலகத்துக்குச் சொன்னது 2006லதான்.

அதனால ஊர்ல யாராவது பெரியவர் ஒரு மரக்கா நாட்டு நெல்லை விடாம வச்சிருந்தா, விளைச்சல் என்னன்னு மட்டும் கேட்காதீங்க. எந்த வெள்ளத்தைத் தாங்கிச்சுன்னும் கேளுங்க.