செவலையிடம் பேர் வாங்குவது

ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றி, மக்காச்சோளம் அறுத்த காடுகளில் கிடை போடும் மாமாவிடம் தொழில் பழகப் போனேன். ஆடுகளைப் பற்றித்தான் முதலில் சொல்லித்தருவார் என்று நினைத்திருந்தேன். அவர் நாயைக் காட்டினார். "நீ யாருன்னு ஆட்டுக்கு நாய்தான் சொல்லணும் மாப்ள. மொதல்ல அதுகிட்ட பேர் வாங்கு."

ராத்திரியில் செம்மறிகளை ஒருவர் நிலத்தில் மடக்கிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நிலக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஆனால் திறந்த வெளியில் நரியும் வரும், தெருநாய்க் கூட்டமும் வரும், வண்டி வைத்துக்கொண்டு திருடனும் வருவான். நாய் நம்மை நம்பவில்லை என்றால் அந்த ராத்திரியைத் தாண்ட முடியாது.

செவலை ஒரு நாட்டு நாய். மாமா எனக்கு விதித்தவை எல்லாம் செய்யக்கூடாத காரியங்கள்தான். கூப்பிடாதே. குனிந்து தலையைத் தடவாதே. கண்ணுக்குக் கண் பார்க்காதே. கூழை ஊற்றிவிட்டு நகர்ந்து போய்ப் பக்கவாட்டில் உட்கார். "அதுவா வரட்டும்."

வாலை ஆட்டினால் பிரியம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். பாதிதான் சரி. வாலை விறைப்பாகத் தூக்கிச் சின்னதாக ஆட்டினால் 'கிட்டே வராதே' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பும் சேர்ந்து குழைந்து ஆடினால்தான் மகிழ்ச்சி. இத்தாலியில் 2007-இல் நாய்களின் வாலாட்டலை வீடியோவில் அளந்து பார்த்தார்கள். சொந்தக்காரரைக் கண்டதும் வால் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்ததாம். வெறும் கண்ணுக்கு அது லேசில் பிடிபடாது. வயிற்றைக் காட்டி மல்லாந்தாலும் உடம்பைப் பார்க்க வேண்டும்: வால் ஒடுங்கி உடம்பு இறுகியிருந்தால், 'என்னை விட்டுவிடு' என்று கெஞ்சுகிறது. தூக்கம் இல்லாத நேரத்துக் கொட்டாவியும், தீனி இல்லாதபோது உதட்டை நக்குவதும் பெரும்பாலும் மனச் சங்கடம்தான்.

செவலை என்னை ஏற்றுக்கொண்டதை நான் அறிந்தது ஒரு கருவேல முள்ளால். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்து, என் எதிரே நின்றது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாதத்தைப் பிரித்தேன். விரல் இடுக்கில் முள் ஒடிந்து உள்ளே கிடந்தது. ஊக்கு பட்டதும் செவலை என் மணிக்கட்டை வாயால் பிடித்தது. பற்கள் தோலில் பதிந்தன, அழுத்தவில்லை. அதன் மூச்சு கையில் சுட்டது. முள் வெளியே வந்ததும் தாடை தளர்ந்தது; பிடித்த இடத்தையே நக்கியது. நினைத்தால் கடித்திருக்கலாம். வலியிலும் தன் பல்லை அடக்கிக்கொண்ட அந்தப் பிடியைவிடப் பெரிய நம்பிக்கையை நான் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா அடுத்த பாடத்தைச் சொன்னார்: "காலைச் சுத்துற நாய் பயந்த நாய். நம்புன நாய் தூரம் போவும்." மேய்ச்சலில் செவலை மந்தையைத் தாண்டி ஓடைவரை போகும், மேட்டில் ஏறி மாமா நிற்கிறாரா என்று ஒரு தரம் பார்க்கும், பார்த்ததும் இன்னும் தள்ளிப் போகும். இதையே ஹங்கேரியில் யோஜெஃப் டோபால் குழுவினர் 1998-இல் சோதித்து எழுதினார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த முறையை 51 நாய்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். பழகாத அறையில் சொந்தக்காரர் இருக்கும்போது நாய் கூடுதலாக விளையாடியது, சுற்றிப் பார்த்தது. அவர் வெளியே போனதும் கதவருகே போய் நின்றது. மாமா அதைப் படித்தவர் அல்ல, ஆனால் ஓடைக்கரையில் அதைத் தினமும் பார்க்கிறவர்.

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள இந்தப் பிணைப்புக்கு நம் ஊரில் இன்னும் பழைய சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், ஒரு நடுகல் எடுத்தார்கள். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தியின் கல் அது. அவன் பக்கத்தில் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பெயரும் எழுதி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்குத் தீராத மரியாதை.

முழங்கால் வலியால் மாமா ராத்திரிக் காவலை விட்டுவிட்டார். அவர் போன தடத்தைப் பார்த்தே செவலை சில ராத்திரிகள் படுத்துக் கிடந்தது. கூழும் குறைவாகத்தான் குடித்தது. பிறகு ஐப்பசி இடி ஒன்று இறங்கியபோது ஓடி வந்து என் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, முதுகை என் காலோடு ஒட்டிக்கொண்டது. வளர்ந்த நாயும் புது ஆளிடம் ஒட்டும். காப்பகத்து நாய்களிடம் சிறிது நேரம் சில முறை பழகியதிலேயே இப்படி ஒட்டுதல் தெரிந்தது என்று 2001-இல் அதே ஹங்கேரிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

செவலையின் குட்டி ஒன்று இப்போது ஆட்டுக்குட்டிகளோடு பட்டியில் வளர்கிறது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை எதோடு பழகுகிறதோ அதைத்தான் அது தன் கூட்டமாக எண்ணும். அதனால் ஆட்டுக்கும் பழக்குகிறேன், என் கைக்கும் பழக்குகிறேன்: தினமும் பாதத்தைப் பிரித்துப் பார்ப்பது, காதைத் திருப்பிப் பார்ப்பது, வாயைத் திறந்து பார்ப்பது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அதற்குள் அது என் கைக்குள் திமிறாமல் நிற்க வேண்டும்.