திராட்சை கொய்யும் கைகள்

பிரான்சு தேசத்தின் ஷாம்பேன் பிரதேசத்திலே ஏறக்குறைய 34,000 ஹெக்டேர் நிலத்தில் திராட்சை பயிராகின்றது. அதன் பெரும்பகுதி சுமார் 16,000 சிறு பயிர்ச்செய்கையாளரின் உடைமை. அவருட் சிலர் தம் பழத்தைத் தாமே பிழிந்து மதுவாக்கி, குடும்பப் பெயரைப் போத்தலில் ஒட்டி விற்கின்றனர். 'குடும்பத்தார் செய்த மது' என்னும்போது அதிலே ஒரு நேர்மை தொனிக்கின்றது. அக்குடும்பத்துள் யார் யார் அடங்குவர்? இதுவே நம் கேள்வி.

மார்ண் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலே அத்தகைய வீடொன்றை அறுவடைக் காலத்தில் நாம் கண்டோம். கடுங்குளிரில் கொடிகளுக்குக் கவ்வாத்துச் செய்பவர் வீட்டுக்காரர். கணக்கும் கடிதமும் மனைவியின் பொறுப்பு. நிலவறையிலே தலைகீழாய்ச் சாய்த்த போத்தல்களைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்குபவர் முதிய தந்தை. இவர்தம் உழைப்பு மெய்யானது. எனினும் பழம் முற்றிய சில நாள்களுக்கு இக்கைகள் போதா. ஷாம்பேனுக்குரிய பழத்தை இயந்திரத்தால் அறுவடை செய்யலாகாது. குலை சிதையாமல் ஆலைக்கு வரவேண்டும் என்பது விதி. எனவே ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூலியாட்கள் அங்கு திரள்கின்றனர். கொடியோ குட்டை, காலை முதல் மாலை வரை குனிந்தே கொய்ய வேண்டும். நாம் கண்ட வீட்டிலே அவர்கள் குடும்பத்தாரோடு ஒரே மேசையில் உண்டனர். எல்லா இடத்தும் அவ்வாறில்லை.

2023 செப்டெம்பரில், கடும் வெப்பத்திடையே நடந்த அறுவடையின்போது தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். அதே மாதத்தில், மேற்கு ஆபிரிக்கர் பெரும்பாலராய் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மனிதர் வாழத் தகாத கட்டடமொன்றில் இருத்தப்பட்டிருந்தமை வெளிவந்தது. அதிகாரிகள் அதனை மூடினர். 2025 ஜூலையிலே, இதன் தொடர்பில் மூவர் மனித வியாபாரக் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொழிலாளரைத் தோட்டங்களுக்கு அனுப்பியது ஓர் ஒப்பந்தக் கம்பெனி. தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே இவ்வாறு நிற்பவனுக்கு நம் மொழியிலே பழைய பெயர் உண்டு: கங்காணி. அவன் நடுவே நிற்கும்போது 'எமக்குத் தெரியாது' என்று கூறுதல் தோட்டக்காரருக்கு எளிதாகின்றது.

இடையில் நிற்பவர் செய்யும் அநியாயத்தை அச்சிறு பயிர்ச்செய்கையாளர் அறியாதவரல்லர். 1910இல் அறுவடை பொய்த்தது. வணிகரோ வேறு பிரதேசங்களின் பழத்தை வருவித்து, ஷாம்பேன் என்றே மதுவை விற்றனர். 1911 ஜனவரியில் கிராமத்தார் கொதித்தெழுந்து, வெளியூர் மதுவை மார்ண் ஆற்றிலே கொட்டினர். ஏப்பிரலில் ஆயி என்னும் ஊரில் வணிகர் மாளிகைகள் எரிந்தன, இராணுவம் வந்திறங்கியது. அப்போராட்டம் வீண்போகவில்லை. எந்த ஊர்ப் பழத்துக்கு அப்பெயர் உரியது என்பதை 1927ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையிட்டு வகுத்தது.

பழம் எந்த மண்ணில் விளைந்தது என்று அன்று தொட்டுச் சட்டம் கண்டிப்பாய்க் கேட்கின்றது. அதைக் கொய்தவன் எங்கே உறங்கினான், என்ன கூலி பெற்றான் என்பதையும் அதே கண்டிப்போடு கேட்டாலென்ன? ஷாம்பேன் என்னும் பெயரைத் தாங்குவதற்குரிய விதிகளிலே தொழிலாளரின் நிலையும் சேரவேண்டும் என்று அங்குள்ள தொழிற்சங்கத்தார் கோருகின்றனர். அது நியாயமான கோரிக்கை. பாட்டன்மார் மண்ணின் பெயருக்காகத் தெருவிலிறங்கிப் போராடிய வீடுகள், இன்று அம்மண்ணில் குனிந்து உழைப்போருக்காகவும் குரல் எழுப்ப வேண்டும். குடும்பம் என்னும் சொல்லை விலைக்கு விற்பவர்க்கு அக்கடமை உண்டு.