நந்தன் கால்வாயும் ஒரு ஓட்டை சைக்கிளும்

  

என் மாமா பையன் ஒருத்தன். புதுச்சேரிக்காரன், இப்ப பிரான்சுல துலூஸ் பக்கம் இருக்கான். ரெண்டு மாசம் முன்னாடி புதுசா ஒரு சைக்கிள் வாங்கி, வாட்ஸப்புல போட்டோவா அனுப்பித் தள்ளிட்டான். 'கிராவல் பைக்'காம். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார் வளைஞ்சிருக்கு, டயர் மட்டும் தடிமன். காத்தைக் கொஞ்சம் கம்மியா அடிச்சுக்கிட்டு ஆத்தங்கரை, வாய்க்கால் கரை, காட்டுப் பாதைன்னு தார் ரோடு இல்லாத இடமா பார்த்துப் போறதுக்காம். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு இங்க ரெண்டு டூவீலர் வாங்கிடலாம்.

"ஏன்டா, இதைத்தானே நம்ம ஊர் பால்காரர் ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கிட்டு வரப்பு மேல ஓட்டுறாரு?"ன்னு கேட்டேன். சிரிச்சான்.

அவன் ஓட்டுற பாதையோட கதை நல்லாத்தான் இருந்தது. 'கனால் து மிடி'ன்னு ஒரு கால்வாய். 240 கிலோமீட்டர் நீளம். பியர் பால் ரிக்கேங்கிறவர் சொந்தக் காசையும் போட்டு வெட்ட ஆரம்பிச்சு, 1681-ல திறக்கிறதுக்குச் சில மாசம் முன்னாடி செத்துப் போயிட்டாராம். அந்தக் காலத்துல கரையில குதிரை நடக்கும், கயித்தைக் கட்டிப் படகை இழுக்கும். குதிரைக்காகப் போட்ட அந்தப் பாதையிலதான் இப்ப இவன் சைக்கிள் போகுது. எல்லாத்தையும் சொல்லிட்டு, "உங்க ஊர்ல வாய்க்கால் எதுவும் இல்லையா மச்சான்?"னு ஒரு கேள்வியைப் போட்டான் பாருங்க, சுருக்குன்னுச்சு.

இல்லாம என்ன? நந்தன் கால்வாய் இருக்கே!

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். துரிஞ்சலாத்துல கீரனூர் அணைக்கட்டு இருக்கு. அங்க ஆரம்பிச்சு, நம்ம மாவட்டத்தைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துல பனமலை ஏரி வரைக்கும் போகுது இந்தக் கால்வாய். சுமார் 38 கிலோமீட்டர், 36 ஏரி. பல்லவர் காலத்து வேலை, நந்திவர்மன் பேருதான் நந்தன்னு ஆச்சுன்னு சொல்லுவாங்க. பல்லவர் சம்பந்தம் அந்தக் கோடியில நிச்சயமா இருக்கு. பனமலை குன்று மேல இருக்கிற தாளகிரீஸ்வரர் கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டினது. உள்ள ஒரு பார்வதி ஓவியம், பாதி அழிஞ்சும் அவ்வளவு அழகு.

எனக்கு அந்தக் கால்வாய் வேற ஒரு வகையிலயும் பழக்கம். எங்க அப்பா ஊர் அதோட வால் பகுதியில இருக்கு. கடைமடை. ரெண்டு ஏக்கர் வச்சிருந்தார். 'தண்ணி வரும், தண்ணி வரும்'னு வருஷக்கணக்கா காத்திருந்து, 1989-ல வித்துட்டு திருவண்ணாமலைக்கு வந்து அரிசி மில்லுல கணக்கு எழுதப் போனார். இப்ப 81 வயசு. கிணறு, வயல், மாடு பத்தியெல்லாம் பேசுவார், வாய்க்கால் பேச்சு மட்டும் எடுக்க மாட்டார்.

தை மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, விடிய நாலரைக்குப் பரண்லருந்து இறக்கித் துடைச்சு வச்சிருந்த அவரோட அட்லஸ் சைக்கிளை வெளிய எடுத்தேன். "வயசு என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னு தங்கமணி கேட்டது காதுல விழாத மாதிரி கிளம்பிட்டேன். ஊரைத் தாண்டினதும் பனி. திரும்பிப் பார்த்தா மலை மட்டும் கருப்பா நிக்குது.

அணைக்கட்டுலருந்து முதல் சில கிலோமீட்டர் சொர்க்கம்னே சொல்லுவேன். ஒத்தை மாட்டுவண்டி அகலத்துக்குக் கரை. சரளை மண் டயருக்கடியில நறநறன்னு நொறுங்குது. ஒரு பக்கம் பனை மரம், இன்னொரு பக்கம் நெல்லு. வாய்க்கால்ல முழங்கால் அளவுக்குத் தண்ணி கிடந்தது, ஓடலை. மீன்கொத்தி ஒண்ணு எனக்கு முன்னாடி முன்னாடியே பறந்து வழிகாட்டிச்சு. அடேய் துலூஸ்காரா, வந்து பாருடான்னு கத்தணும் போல இருந்தது :-)

அப்புறம்தான் சீமைக்கருவேலம் வந்தது.

முதல்ல ரெண்டு பக்கமும் உரசிச்சு, அப்புறம் மேல மூடிக்கிச்சு, கடைசியில வழியே இல்லை. இறங்கித் தள்ளினேன். முள் குத்தி முன் டயர் போச்சு. ஒட்டுப் போட்டுட்டு இருக்கிறப்ப ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். "சர்வேக்கு வந்தீங்களா சார்?"

இல்லீங்க ஐயா, சும்மா சைக்கிள்ல போறேன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கரையில சும்மா யாரும் போறதில்லையே. தண்ணி வந்தாத்தான் தண்ணி கூட ஆள் போகும். ஆள் போனாத்தான் தடம் இருக்கும்"னார்.

அன்னிக்கு முழுக்க அந்த வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. பிரான்சுல பாதை இருந்ததுக்குக் காரணம் குதிரை. இங்க பாதை இருந்ததுக்குக் காரணம் தண்ணி கூட நடந்த மனுஷங்க. தூர் வாரி, சிமெண்ட் போட்டுக் கரை கட்டின இடமும் நடு நடுவுல இருக்குதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நடக்க ஆள் இல்லாத கரையை முள்ளு எடுத்துக்குது.

இன்னொரு பக்கம் பாருங்க. ஃபெஞ்சல் புயல் மழையில 2024 டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலருந்து தென்பெண்ணையில 1.68 லட்சம் கன அடி திறந்து விட்டாங்க. அகரம்பள்ளிப்பட்டுல மூணு மாசம் முன்னாடிதான் திறந்த, 16 கோடி ரூபாய் கிட்ட செலவான பாலம் அந்த வெள்ளத்துல போச்சு. அங்க பாலத்தையே தூக்கிட்டுப் போற தண்ணி, இங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. சாத்தனூர் தண்ணியை நந்தன் கால்வாய்க்கு இணைக்கணும்கிற கோரிக்கை ரொம்பப் பழசு. ஏன்னு அந்தக் கரையில சைக்கிளைத் தள்ளினா நல்லாப் புரியும்.

மூணு பஞ்சருக்கப்புறம் கரையை விட்டு இறங்கி வேட்டவலம் ரோட்டைப் பிடிச்சேன். அப்பா ஊர் ஏரிக்குப் போய்ச் சேர்றப்ப மணி ஒண்ணு. ஏரியில தண்ணி இருந்தது! பாதிக்கு மேல. சந்தோஷம் தாங்கலை. நாலு போட்டோ எடுத்துக்கிட்டு, சைக்கிளை ஒரு குட்டியானையில ஏத்திக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். "எங்க போன, என் சைக்கிளை எடுத்துக்கிட்டு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஏரியில தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா, பாதிக்கு மேல!"

"வாய்க்கால் தண்ணியா, மழைத் தண்ணியா?"

முழிச்சேன். தண்ணின்னா தண்ணிதானே? போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். நான் தண்ணியை எடுத்த போட்டோவைத் தள்ளிட்டு, ஓரத்துல வாய்க்கால் வந்து சேர்ற வாய் தெரிஞ்ச படத்துல நிறுத்தினார். அங்க புல்லு இடுப்பளவு நின்னுச்சு.

"மழைத் தண்ணி"ன்னு சொல்லிப் போனைக் கையில கொடுத்துட்டார்.

அப்புறம் என்ன தோணிச்சோ, தானாவே பேச ஆரம்பிச்சார். தண்ணி விடுற காலத்துல ஊருக்கு ரெண்டு பேர்னு முறை போட்டு, ராத்திரியில ஹேண்டில்பார்ல அரிக்கேன் விளக்கை மாட்டிக்கிட்டு, கீரனூர் வரைக்கும் கரையிலயே போவாங்களாம். மேல எவனாவது அடைச்சு வச்சிருக்கானான்னு பார்க்க. "ஒரு முள்ளு இருக்காது அப்பல்லாம்"னார். இத்தனை வருஷத்துல இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மாமா பையனுக்கு முதல் நாலு கிலோமீட்டர் போட்டோவை மட்டும் அனுப்பினேன். "சூப்பர் மச்சான், அடுத்த லீவுக்கு வரேன்"ங்கிறான். வரட்டும். அதுக்குள்ள ஒரு நல்ல அரிவாளா வாங்கி வைக்கணும்.

பி.கு: யாராவது போறதா இருந்தா ரெண்டு டியூப், ஒட்டுற சாமான், கைப்பம்பு கட்டாயம். கருவேல முள்ளு செருப்பையே துளைக்கும், ஷூ போட்டுக்குங்க. அடைமழை நேரத்துல கரைப் பக்கமே போகாதீங்க. போற வழியில வயசானவங்க யாரையாவது பார்த்தா நின்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க. சர்வேக்கு வந்த ஆளுன்னு நினைச்சாலும் பரவாயில்லை.