செயற்கை நுண்ணறிவும் மாணாக்கர் கடமையும்

கற்றலாவது பிறர் அறிந்தவற்றைப் பெற்று, தம் அறிவாற் சோதித்துத் தமதாக்கிக்கொள்ளுதலாம். ஏடும் எழுத்தாணியும், அச்சுப் புத்தகமும், கணக்கிடுங் கருவியும் அவ்வக்காலத்தில் இதற்குத் துணையாயின. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் பொறி வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவும் அவ்வரிசையிற் சேர்ந்தது. மாணாக்கர் இதனை எவ்வாறு கைக்கொள்ளுதல் தகும் என்பதைச் சிறிது ஆராய்வாம்.

இத்தகைய பொறிகள் அளவிறந்த நூற்பகுதிகளைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்து விடை தொடுப்பன. ஆகவே அவற்றின் மொழி செவ்விதாயிருக்கும். பொருள் மெய்யாயிருத்தல் ஒருதலையன்று. இவ்வியல்பை அறிந்தார்க்கே அவை பயன்படும்.

நம்முட் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழிற் பயின்று வந்தவர். முதலாண்டில் ஆங்கில விரிவுரைகளைக் கேட்டு, விளங்காதவிடத்தும் மறுமுறை வினவ நாணி வாளாவிருந்தோம். அந்நாளில் இப்பொறி செய்த உதவி சிறிதன்று. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை, மேசைமேல் ஆறும் காப்பியைக் கொண்டு தமிழில் விளக்குமாறு கேட்டோம், விளக்கியது. பத்துமுறை வினவினும் சலித்திலது. பின்னர்ப் பாடநூலைத் திறந்தபோது அதன் ஆங்கில வாக்கியங்கள் நம்மை அச்சுறுத்தவில்லை.

அன்றியும், தேர்வுக்குமுன் நம்மை வினாக் கேட்குமாறு அதனைப் பணிக்கலாம். நாமே எழுதிய கட்டுரையைக் கொடுத்து, வாதம் நெகிழ்ந்தவிடம் யாது, எதிர்வாதம் யாது எனக் கேட்கலாம். கணினி நிரல் எழுதுவோர் பிழையின் காரணத்தை வினவலாம். இவற்றிலெல்லாம் உழைப்பு நம்மதாகவே நிற்கும்.

நிற்க. இதன் குறையும் பெரிது. ஒருமுறை சோதிக்கக் கருதி, இவ்வகைப் பொறியொன்றனிடம் ஏரிப்பாசனம் பற்றிய நூல்களைக் கேட்டோம். ஐந்து நூல்களை ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் தந்தது. நூலகரோடு அமர்ந்து அட்டவணைகளைத் தேடியதில் இரண்டே கிட்டின. ஏனையவற்றின் சுவடும் கண்டிலேம். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பொறி புனைந்த வழக்குகளை மெய்யெனக் காட்டிய இரு வழக்கறிஞர்க்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. கற்றுத் தேர்ந்தோர்க்கே இந்நிலையெனின், நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆதலின் நண்பர்காள், எவ்வினாவையும் முதலில் நாமே முயல்வோமாக. பொறி கூறியதை மூலநூலோடு ஒப்புநோக்குவோமாக. அதன் துணை கொண்டவிடத்து மறையாது குறிப்போமாக. ஆசிரியர் விலக்கியவிடத்து அதனை அணுகாதிருப்போமாக. அது எழுதியதை நமதென்று கொடுத்தல் பொய்யாம். அதனால் ஆசிரியரினும் நாமே பெரிதும் வஞ்சிக்கப்படுவோம்.

நம்முட் சிலர்தம் பாட்டன்மார் எழுத்தறியாதவர். ஒரு மனு எழுதுதற்கும் தாலுகா அலுவலகத்து மரத்தடியில் மனு எழுதுவோர்முன் காத்து நின்றனர். எழுதியதில் யாதுளது என்றறியாமலே கைந்நாட்டிட்டனர். அந்நிலை நீங்கவே நம்மைக் கல்லூரிக்கு அனுப்பினர். பட்டம் பெற்றும் நாம், பொறி எழுதியதன்கீழ் ஆராயாது கையெழுத்திடுவோமாயின், அவர்தம் கைந்நாட்டிற்கும் நம் கையெழுத்திற்கும் வேற்றுமை யாது?