காத்தைப் படிக்க ஒரு ஏரி!

ஏற்காடு போறவங்க கிளியூர் அருவிக்கு ஒரு விசிட் அடிக்காம திரும்ப மாட்டாங்க. சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணி கொட்டும். ஆனா, அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டா பல பேர் முழிப்பாங்க. ஊருக்கு நடுவுல இருக்கிற ஏரி நிரம்பி வழிஞ்சாத்தான் கிளியூருக்குக் கொண்டாட்டம். மழை ஏமாத்தினா வெறும் பாறைதான். ஸோ, அருவியைப் பார்த்துட்டு அப்படியே ஏரிக்கரைக்கு வாங்க. மேட்டரே அங்கேதான் இருக்கு!

போட் ஹவுஸ்ல மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகுன்னு ஒரே கூட்டம். எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. தண்ணியை மட்டும் யாரும் பார்க்கிறதில்லை. கொஞ்சம் உத்துப் பாருங்க. கண்ணாடி மாதிரி கிடக்கிற தண்ணியில திடீர்னு ஒரு கருப்புத் திட்டு ஓடி வரும். அது மேகத்தோட நிழல் இல்லை பாஸ்... காத்து! காத்து படுற இடத்துல குட்டிக் குட்டி அலை எழும்பி வெளிச்சத்தைச் சிதறடிக்குது. அதான் கருப்பாத் தெரியுது.

பாய்மரப் படகு ஓட்டுறவங்களுக்கு இந்தத் திட்டைப் படிக்கிறதுதான் அரிச்சுவடி. நான் சென்னையில இன்ஜினீயரிங் படிக்கிறேன். ஞாயித்துக்கிழமையானா ஒரு கிளப்புல 'டிங்கி' பழகப் போயிடுவேன். டிங்கின்னா ஒருத்தரோ ரெண்டு பேரோ ஓட்டுற குட்டிப் பாய்மரப் படகு. சென்னைக்கு இது புதுசும் இல்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லேயே ஆரம்பிச்சாச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாடியே 'கட்டுமரம்'ங்கிற சொல்லை இங்கிலீஷுக்குக் கடன் கொடுத்தவங்களாச்சே நாம!

காத்து வர்ற திசைக்கு நேரா எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்வா ஒரு பக்கம் போய், திரும்பி, அதே சாய்வுல மறுபக்கம் போகணும். புரியலையா? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் எப்படி ஏறுது? 20 கொண்டை ஊசி வளைவுல வளைஞ்சு வளைஞ்சுதானே? அதே டெக்னிக்! விமான இறக்கை மாதிரி பாய் படகை இழுக்கும். படகு பக்கவாட்டுல நழுவாம அடியில செருகியிருக்கிற பலகை பார்த்துக்கும்.

தியரி அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடும். கைக்குப் புரியத்தான் மாசக்கணக்காகும். எக்ஸாம்னா முதல் நாள் ராத்திரி முட்டி மோதிப் படிச்சுத் தேறிடலாம். இங்கே அந்தப் பருப்பு வேகாது. காத்து ஓங்கி அடிச்சா யோசிக்க நேரம் கிடையாது. கயித்தைத் தளர்த்தணும், உடம்பை வெளியே சாய்க்கணும். அதை வாராவாரம் போனாத்தான் கை கத்துக்கும். வாடை, கொண்டல், தென்றல், கோடைன்னு நாலு காத்துக்கும் நம்மகிட்ட தனித்தனிப் பேர் இருக்கு. நாலையும் பார்க்கணும்னா பத்து நாள் கேம்ப் போதுமா?

எங்க கிளப்புல ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான். ஒரு வாரம் முழுக்கத் திரும்புறது மட்டும். இன்னொரு வாரம், படகை வேணும்னே கவிழ்த்து, அடிப்பலகை மேல ஏறி நின்னு நிமிர்த்துறது. மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. முடிஞ்சதும் டீ. 'அவன் படகு ஏன் முந்துச்சு?'ன்னு சீனியர்கள் ஈர விரலால மேஜையில கோடு போட்டுக் காட்டுவாங்க. போன வாரம் பிடிபடாதது இந்த வாரம் தானா வந்து கையில உட்காரும்.

'இதெல்லாம் பணக்கார விளையாட்டுப்பா'ன்னு ஒதுக்கிடாதீங்க. சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் ஒரு கோடை முகாம்லதான் பாய்மரத்தைத் தொட்டாங்க. 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்று, அந்தப் பெருமையை அடைஞ்ச முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை ஆனாங்க. அப்போ அவங்க மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்! 2024-ல பாரீஸுக்கும் போனாங்க.

ஏற்காட்டைப் பார்த்தா எனக்கு ஏக்கமா இருக்கு. சென்னையில மதியத்துக்கு மேல கடல் காத்து ஒரே சீரா வீசும். மலை ஏரியில அப்படி இல்லை. மரத்துலயும் சரிவுலயும் முட்டி, நிமிஷத்துக்கு நிமிஷம் திசை மாறும். இதைவிட நல்ல வாத்தியார் வேணுமா? 6,000 அடிக்கு மேல இருக்கிற நைனிடால் ஏரியிலேயே யாட் கிளப் இருக்கு. பசங்க ஓட்டுற 'ஆப்டிமிஸ்ட்' படகு எட்டடி நீளம்கூட இல்லை. லைஃப் ஜாக்கெட், கூடவே ஒரு மீட்புப் படகு, மழைக்காலத்துல தண்ணி வழியிற பக்கம் போகக் கூடாதுன்னு ஒரு ரூல், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்... இது போதாதா? தினமும் ஏரியைத் தாண்டி ஸ்கூலுக்குப் போற பசங்க கையில பாய்க்கயிறு வந்தா எப்படி இருக்கும்!

அடுத்த தடவை ஏரிக்கரையில மிளகாய் பஜ்ஜி சாப்பிடும்போது அஞ்சு நிமிஷம் தண்ணியைப் பாருங்க. கருப்புத் திட்டு எத்தனை தடவை திசை மாறுதுன்னு எண்ணுங்க. ரெண்டு கை விரல் பத்தலைன்னா, நீங்களும் நம்ம கட்சி!