லாச்சிக்குள் கிடந்த ரிப்போட்

பதினாலு வருஷமாகக் கண்டி டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறேன். கொலஸ்ட்ரோல் குளிசை வாங்க வருகிறவர்களிடம், "சும்மா நல்லா இருக்குன்னு நிப்பாட்டிறாதீங்க ஐயா" என்று தினமும் சொல்கிறவன். 2021இல் அதே குளிசையை எனக்கு எழுதித் தந்தார்கள். எனக்கு அப்போது 35 வயது. இரண்டு மாசம் போட்டேன். மூன்றாம் மாசம் விட்டுவிட்டேன்.

காசு இல்லாமல் இல்லை. மருந்து என் கைக்கெட்டும் தட்டில்தான் இருந்தது. தினம் குளிசை போட்டால் நான் நோயாளி என்று வீட்டில் தெரிந்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. கெட்ட கொலஸ்ட்ரோல் 214 என்று அச்சடித்த அந்த ரிப்போட்டை நாலாக மடித்து, மேசை லாச்சியில் பழைய லைட் பில்களுக்கு அடியில் வைத்தேன். வலி ஒன்றும் இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரத்தக்குழாய்க்குள் கொழுப்புப் படியும்போது வலிக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

குளிசை எழுதித் தந்த அன்றைக்கு டொக்டர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பொய் சொன்னேன். சிகரெட்? "எப்பவாவது ஒண்ணு." உண்மையில் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு, எல்லாம் ஒற்றையாக வாங்கியது. பாக்கெட்டாக வாங்காததால் நான் கணக்கில் வரமாட்டேன் என்று நினைத்திருந்தேன். அம்பிட்டிய பஸ்ஸில் ஏறுமுன் இஞ்சி டொபி ஒன்றை வாயில் போட்டு, தேசிக்காய்த் தோலால் விரலைத் தேய்ப்பேன். வீட்டில் என் மகள் ஓடிவந்து பிடிக்கிற விரல்கள் அவை.

அடுத்த கேள்வி, அப்பாவைப் பற்றி. "வயசாகிப் போயிட்டாரு" என்றேன். அப்பா ஹந்தானைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவருக்கு 43 வயது. லயத்தில் செய்வினை என்றார்கள். தகப்பனோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன் மாரடைப்புக்கு ஆளானால் அது நமக்கும் எச்சரிக்கை என்பதைப் பாமசிக்கு வந்த முதல் வருஷமே படித்துவிட்டேன். சொன்னால் டொக்டர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

2023, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அரிசிப் பையோடு வீட்டு மேட்டில் ஏறும்போது நெஞ்சு நடுவே எரிந்தது. தாடை கனத்தது. கேஸ்ட்ரிக் என்று சொல்லிப் பாணி மருந்து குடித்தேன். அடங்கவில்லை. வேறொரு குளிசை போட்டேன். வேறு யாராவது கடைக்கு வந்து இதே குறிகளைச் சொல்லியிருந்தால், ஆட்டோ பிடித்து நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். எனக்கென்று வந்தபோது ஏழு மணியிலிருந்து விடியற்காலை நாலு மணிவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தலையணை உறை நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து மனைவிதான் எழுப்பினாள், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை.

அந்த ஒன்பது மணி நேரத்தில் இதயத்தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. அது திரும்பி வராது. இளவயதில் குழாய் முழுதாக அடைபட்டிருக்க வேண்டியதில்லை என்று வார்டில் விளங்கப்படுத்தினார்கள்: பாதி அடைப்புப் போதும், அந்தக் கொழுப்புப் படிவின் மெல்லிய மேல்தோல் கிழிந்தால் இரத்தம் அதன்மேல் உறைந்து நிமிஷங்களில் வழியை மூடிவிடும். அப்படிக் கிழிவதற்கும் உறைவதற்கும் சிகரெட் நன்றாக வழி செய்து கொடுக்கிறது.

நம்மவர்களுக்கு மாரடைப்பு முந்தி வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரத்தக் கொழுப்பு, புகை, பிரஷர், சீனி, வயிற்றுப் பருமன், மன உளைச்சல் உட்பட ஒன்பது காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பின்னால் நிற்பதை அது காட்டியது. முன்னால் நின்றவை கொழுப்பும் புகையும். என்னிடம் இருந்தவையும் அவைதான். இலங்கையும் சேர்ந்த தெற்காசிய நாடுகளின் கணக்கைத் தனியாக 2007இல் வெளியிட்டார்கள்: முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் அது 59ஐ ஒட்டி இருந்தது.

வார்டில் மறுபடி அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். இம்முறை உண்மையைச் சொன்னேன். உடனே வந்த அடுத்த கேள்வி: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

தம்பி இருக்கிறான். என்னைவிட நாலு வயது இளையவன், லொறி ஓட்டுகிறான். அவனுக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்தவன் நான். என் கொலஸ்ட்ரோல் அப்பாவின் இரத்த வழியே வந்ததென்றால், அதே கோளாறு அவனுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ரிப்போட்டை அவன் கையில் கொடுத்திருக்கலாம். என் உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் இரத்தம் எடுத்தேன். 221. கடை வாசலில் நின்று அவனும் வாசித்தான். லாச்சியிலிருந்த என்னுடையதையும் எடுத்துக் கொடுத்தேன். எண்ணைப் பார்த்தான், பிறகு மேலே இருந்த திகதியைப் பார்த்தான்.

"2021லயே தெரியுமா அண்ணே?"

"தெரியும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்:

"சின்னவங்களுக்கும் எடுக்கணுமா?"

"எடுக்கணும். உன் பிள்ளைக்கும், என் பிள்ளைக்கும்."