அலிகேட்ஸ் பாடல்களும் மாமாவின் மலாய்மொழியும்

 

அலிகேட்ஸ் இசைக்குழுவின் பாடல்களில் சிறந்தவை எவை என்று ஆசிரியர் அறையில் அண்மையில் ஒரு பேச்சு எழுந்தது. இளைய ஆசிரியர் ஒருவர், “தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு மலாய்ப் பாட்டுக்காரர்களைப் பற்றி என்ன ஆராய்ச்சி?” என்று சிரித்தார். அவருக்கு அங்கே சுருக்கமாகத்தான் விடை சொன்னேன். விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குழுவின் முகங்களாக விளங்கிய டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதன் ஆறுமுகமும் பினாங்கைச் சேர்ந்த தமிழர்கள் என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1960களின் இறுதியில், பீட்டில்ஸ் இசை உலகையே ஆட்டிவைத்த காலத்தில், பினாங்கில் தோன்றியது அக்குழு. 1970களில் ஹாங்காங் வரை சென்று கித்தாரும் கையுமாக ஆங்கிலப் பாடல்களை இசைத்தார்கள். அப்பத்தாண்டின் இறுதியில் மலாய்ப் பாடல்களின் பக்கம் திரும்பினார்கள். அதன் பிறகு இந்நாட்டில் அவர்களை அறியாத வீடே இல்லை எனலாம். காடுபோல் அடர்ந்து சுருண்ட தலைமுடியோடு அண்ணனும் தம்பியும் மேடையில் நிற்கும் படத்தை என் வயதை ஒத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். இன்று அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. 1980களில் அந்த லயத்தில் இரண்டு வகை இசை கேட்கும். அப்பாவின் வானொலியில் டி.எம். சௌந்தரராஜன். நான்கு கதவு தள்ளி, மாமாவின் ஒலிநாடாப் பெட்டியில் அலிகேட்ஸ். “ஆறுமுகம்னு தகப்பன் பேர வச்சுக்கிட்டு மலாய்க்காரன் பாட்டு பாடுறானுங்க. அதையும் இவன் காசு குடுத்து வாங்கிக் கேக்குறான்” என்று அப்பா முணுமுணுப்பார். மாமாவோ ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பார்.

அப்பாவின் மனக்குறையை நான் இன்றும் எள்ளி நகையாட மாட்டேன். தமிழ் வீட்டை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் தோட்டத்து மக்களுக்கு எப்போதும் உண்டு. ஆயினும் அதே லயத்தில் இன்னோர் அச்சமும் இருந்தது. ஆறாம் ஆண்டில் மலாய்மொழியில் தேறாத பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நேரே முதல் படிவத்தில் அமர முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க வேண்டும். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்படி ஓராண்டு பின்தங்கினார்கள். சிலர் அந்த வகுப்போடு படிப்பையே நிறுத்திக்கொண்டு மரம் வெட்டப் போனார்கள். மலாய்மொழி எங்களுக்கு வெறும் பாடம் அன்று. தோட்டத்தை விட்டு வெளியேறும் பாலம்.

தோட்டத்தில் வழங்கிய மலாய் பசார் மலாய். ‘என் வீடு’ என்பதற்கு ‘ரூமா சாயா’ என்று சொல்ல வேண்டும். எங்களவர்கள் தமிழ் ஒழுங்கிலேயே ‘சாயா புஞ்ஞா ரூமா’ என்பார்கள். கடைக்காரச் சீனருக்கும் அது புரியும், மண்டோருக்கும் புரியும். தேர்வுத்தாள் திருத்துபவருக்குத்தான் புரியாது. செம்மையான மலாய் எங்கள் லயத்துக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று மாமாவின் ஒலிநாடாப் பெட்டி. பள்ளியில் மனனம் செய்தும் நாவில் ஒட்டாத முன்னொட்டும் பின்னொட்டும் பாட்டோடு வந்தபோது ஒட்டிக்கொண்டன.

இனிப் பாடல்களுக்கு வருகிறேன். என் கணக்கில் முதலிடம் ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புவிசி’ பாடலுக்குத்தான். ‘ஒரு செந்நிற ரோசாவும் ஒரு கவிதையும்’ என்று பொருள் கொள்ளலாம். இசைக்காகவே அதை முதலில் வைப்பேன். ஆசிரியர் என்ற முறையில் கேட்டாலும் அதுவே முதல். நம் பிள்ளைகள் மலாய்க் கட்டுரையில் ‘சத்து பூங்ஙா’ என்றுதான் எழுதுவார்கள். தமிழில் ‘ஒரு பூ’ என்கிறோம் அல்லவா? மலாயில் பூவை எண்ணக் ‘குந்தும்’ வேண்டும். கவிதையை எண்ணப் ‘புவா’ வேண்டும். விலங்கை எண்ண ‘ஏக்கோர்’, அதாவது வால். ஐந்து ஆடு என்பது ஐந்து வால் ஆடு ஆகிவிடும்! இந்த எண்ணடைச் சொற்களை விதியாகச் சொன்னால் வகுப்பு கொட்டாவி விடும். இந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் இரண்டு எடுத்துக்காட்டுகள் அங்கேயே கிடக்கின்றன.

அடுத்து ‘சம்பாய்க்கான் சலாம் சிந்தாக்கு’. ‘என் காதல் வணக்கத்தைச் சேர்ப்பி’ என்பது பொருள். ‘சம்பாய்’ என்றால் சேர். ‘சம்பாய்க்கான்’ என்றால் சேர்ப்பி. நாம் தன்வினை, பிறவினை என்று தமிழ் வகுப்பில் நடத்துவதற்கு மிக நெருங்கியது இது. அதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு மலாயில் விளக்க ஒரு நிமிடம் போதும். ‘சிந்தா’ என்ற சொல்லும் நமக்கு அயலன்று. வடமொழியில் எண்ணத்தைக் குறித்த ‘சிந்தா’ தமிழில் சிந்தையாக நின்றது; மலாயில் காதலாகிவிட்டது. எண்ணிக்கொண்டே இருப்பதுதானே காதல் என்று மலாய் மக்கள் முடிவு செய்துவிட்டார்கள் போலும். ‘சுவாரா கெக்காசே’ என்னும் பாடலில் வரும் ‘சுவாரா’வும் அவ்வாறே, நம் இசைவாணர்களின் சுரத்துக்கு உறவு.

‘சென்யும்லா கோலாலம்பூர்’ பாடலை எல்லாரும் அறிவர். ஒரு தலைநகரத்தை ஆளைப்போல் விளித்து, சிரியேன் என்று கேட்கும் அந்தத் தலைப்பே அழகு. அந்த ‘லா’ செய்யும் வேலையைத் தமிழில் ‘சிரியேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ செய்கிறது. கட்டளையின் கூர்மையை மழுக்கிக் கெஞ்சலாக்கிவிடுகிறது. (நாம் ‘வாங்க லா’ என்று தமிழிலேயே அதை ஒட்டவைத்துக்கொண்டது வேறு கதை.) ‘ஹிங்ஙா ஆக்கிர் நந்தி’யும் ‘தெரிமா காசே’யும் இனியவையே. ஆனால் அவற்றைத் திருமண விருந்துகளில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டேன். எம். நாசிர் போன்ற பெரும் இசையமைப்பாளர்கள் இக்குழுவுக்குப் பாடல் தந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பல பாடல்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தும் துருப்பிடிக்கவில்லை.

‘அண்டாய்ஞ்ஞா அக்கு பெர்கி டூலு’ பாடலைக் கடைசியாக வைத்தேன். தரத்தில் தாழ்ந்தது என்பதற்காக அன்று. ‘ஒருவேளை நான் முந்திப் போய்விட்டால்’ என்பது அதன் பொருள்.

மாமா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐம்பது வயது கடந்தும் அவர் கையில் சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்த மண்ணில் நிரந்தரவாசி; குடிமகன் அல்லர். வாக்குரிமை இல்லை. தோட்டம் கைமாறி லயம் காலியானபோது ஈப்போ, புந்தோங்கில் வாடகை வீடெடுத்துக் குடும்பத்தோடு வந்துவிட்டார். 2004இல் குடியுரிமை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதில் மலாய்மொழி பேசிக் காட்ட வேண்டும். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். விடுமுறையில் அவருக்குச் சில கேள்விகளைப் பழக்கிக் கொடுத்து, துணைக்கும் போனேன்.

மாமாவின் மலாய் விசித்திரமானது. பாதி பசார் மலாய், பாதி பாட்டு மலாய். மீன்காரரிடம்கூட ‘அண்டாய்ஞ்ஞா’ போட்டுப் பேசுவார். ‘ஒருவேளை’ என்பதற்கு எல்லாரும் ‘காலாவ்’ என்று சொல்லும் இடத்தில் அவர் மட்டும் கவிஞரைப்போல் அதைச் சொல்ல, மீன்காரர் தராசைப் பிடித்தபடியே சிரிப்பார்.

நேர்காணலில் அதிகாரி, “இத்தனை வயதான பிறகு குடியுரிமை எதற்கு?” என்று கேட்டார். நான் பழக்கிக் கொடுத்த பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. மாமா சற்று நேரம் மேசையைப் பார்த்திருந்தார். பிறகு மலாயில் சொன்னார்: ஒருவேளை நான் முந்திப் போய்விட்டால், என் பிள்ளைகள் அப்பன் எந்த நாட்டுக்காரன் என்று யாருக்கும் விளக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. ‘அண்டாய்ஞ்ஞா’ என்றுதான் தொடங்கினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்து, “அலிகேட்ஸ் பிடிக்குமா?” என்றார்.

வெளியே வந்ததும், “பாப்பா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே?” என்று மாமா கேட்டார். இல்லை மாமா என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நீல அட்டை வர மேலும் இரண்டாண்டுகள் ஆயின. 2007 ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த செய்தி கேட்ட நாளில் மாமா அந்த ஒலிநாடாவைத் தேடி எடுத்தார். போட்டுக் கேட்கப் பெட்டி பழுது. தம்பி முந்திப் போய்விட்டார். அண்ணன் டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். மறு ஆண்டு மார்ச் பொதுத்தேர்தலில் மாமா வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாட்டு ஒலித்தால் தமிழுக்கு இழுக்கு என்று எண்ணும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ் நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வேறொன்றுக்கு நான் தருவதில்லை. ஆனால் மலாய்மொழிப் பாடத்தில் ஒரு தமிழர் பாடிய மலாயைப் பிள்ளைகள் கேட்கும்போது, இந்த மொழி நம் நாவுக்கும் இணங்கும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அதைப் பாடநூலில் அச்சிட்டுத் தர முடியாது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டுவிட்டது, மலாயில் பேச நாணும் பிள்ளையின் சிக்கல் அதனால் நீங்கிவிடவில்லை.

போன வாரம் நான்காம் ஆண்டு வகுப்பில் ‘செகுந்தும்’ பாடலை ஒலிக்கவிட்டுப் பாடகரின் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசையில், வாய் திறந்தே பேசாத ஒரு பையன் கையுயர்த்தினான்.

“டீச்சர், அவங்க அம்மா வீட்டுல தமிழ்ல பேசுவாங்களா?”

வகுப்பு சிரித்தது. நான் அவனை எழுந்து நின்று அந்தக் கேள்வியை மலாயில் கேட்கச் சொன்னேன். நான்கு முறை தடுமாறி, ஐந்தாம் முறை கேட்டுவிட்டான்.